மிளகுக் கொடியைக் கொல்லும் நீச்சல் எமன்!

ஆடி மாதம். வயநாட்டு மலையில் மழை விடாமல் பெய்கிறது. தோட்டத்தில் மிளகுக் கொடிகள் பச்சைப்பசேல் என்று மரத்தில் ஏறி நிற்கின்றன.

ஒரு நாள் காலை, ஒரு கொடியின் அடி இலைகளில் கறுப்புப் புள்ளி தெரிகிறது. பேனா மையை உதறியது போல இருக்கிறது. புள்ளியின் ஓரம் நூல் பிரிந்த துணி போலச் சிலும்பி நிற்கிறது. நாலைந்து நாளில் இலை உதிர்கிறது. பிறகு கொடி முழுவதும் தொங்கிப் போகிறது. கிளைகள் கணுக் கணுவாகக் கழன்று விழுகின்றன. தூரைத் தொட்டுப் பார்த்தால் கறுத்து, அழுகி, நாற்றம் அடிக்கிறது.

எல்லாம் முடிய 2 வாரம். மிஞ்சிப் போனால் 3 வாரம்!

மிளகுக் கொடி நட்டவன் 3 வருடம் காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் சரம் பிடிக்கும். நன்றாகக் காய்க்க 7, 8 வருடம் ஆகும். ஒழுங்காகக் கவனித்தால் 20 வருடத்துக்கு மேல் பலன் தரும். ஒரு பிள்ளையை வளர்ப்பது போலத்தான். அந்தப் பிள்ளை 15 நாளில் கண் முன்னால் செத்தால் எப்படி இருக்கும்?

மலையாள விவசாயிகள் இந்த நோய்க்கு "துருத வாட்டம்" என்று பெயர் வைத்தார்கள். துருதம் என்றால் வேகம். தமிழ்நாட்டில் "வாடல் நோய்" என்றும், "தூர் அழுகல்" என்றும் சொல்கிறார்கள். 1999-க்குப் பிறகு மிளகு விலை சரிந்தது. அதே காலத்தில் வயநாட்டில் தோட்டம் தோட்டமாகக் கொடிகளும் செத்தன. மிளகை நம்பிக் கடன் வாங்கிய குடும்பங்கள் நொடித்துப் போயின. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கேரளத்தில் பெருவெள்ளம் வந்ததே, அப்போதும் வயநாட்டிலும் இடுக்கியிலும் வெள்ளம் வடிந்த பிறகு மிளகுக் கொடிகள் ஏராளமாக வாடின.

வெள்ளம் வடிந்த பிறகு ஏன் வாட வேண்டும்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

கரும்பு துரை கண்ட நோய்

இந்த நோயைப் பற்றி 120 வருடத்துக்கு முன்பே ஆராய்ச்சி தொடங்கி விட்டது. அப்போது வயநாடு சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் ஜில்லாவில் இருந்தது. மிளகுக் கொடிகள் கூட்டமாகச் சாகின்றன என்று புகார் வந்தது. சென்னை அரசாங்கத்தின் தாவர நிபுணர் பார்பர் என்ற வெள்ளைக்காரர் போய்ப் பார்த்தார். 1902-இல் இதைப் பற்றி எழுதினார்.

பார்பரைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு வேறு விதத்தில் தெரியும். 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது அதற்குத் தலைவராக இருந்தவர் அவர்தான். கரும்பில் அவருக்குப் பெயர் கிடைத்தது. மிளகின் எமன் மட்டும் அவர் கையில் சிக்கவில்லை.

நோய்க்குக் காரணம் என்ன என்று 1936-இல் தெரிந்தது. அதுவும் இந்தியாவில் அல்ல. டச்சுக்காரர்கள் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளில் (இன்றைய இந்தோனேசியாவில்) முல்லர் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். கேரளத்திலும் அதே கிருமிதான் என்று 1966-இல் உறுதி செய்யப்பட்டது. கிருமியின் பெயர் பைட்டோப்தோரா. கிரேக்க மொழியில் இதற்கு "செடியை அழிப்பவன்" என்று பொருள். பெயர் வைத்தவர் ஆள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்.

இந்தக் குடும்பமே பொல்லாத குடும்பம். 1845-இல் அயர்லாந்து நாட்டில் உருளைக்கிழங்கை அழுக வைத்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டு வந்ததும் இதன் உடன்பிறப்புத்தான். அந்தப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் பல லட்சம் பேர் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனார்கள்.

வால் முளைத்த வித்து

பார்ப்பதற்கு இது பூஞ்சாளம் போல இருக்கும். ஆனால் உண்மையான பூஞ்சாளம் அல்ல. கடலில் வளரும் பழுப்புப் பாசிக்குத் தூரத்து உறவு. அதனால் தண்ணீர் என்றால் இதற்குக் கொண்டாட்டம்.

வெயில் காலத்தில் இது மண்ணிலும், அழுகிய வேரிலும், செத்த கொடியிலும் ஒளிந்து கிடக்கும். மழை பெய்து மண் நனைந்ததும் விழித்துக் கொள்ளும். எலுமிச்சைப் பழ உருவத்தில் சின்னஞ்சிறு பைகளை உண்டாக்கும். கண்ணுக்குத் தெரியாத பைகள். மண்ணில் தண்ணீர் தேங்கினால் பை வெடிக்கும். ஒவ்வொரு பையிலிருந்தும் இருபது, முப்பது வித்துகள் வெளியே வரும்.

அந்த வித்துக்கு இரண்டு வால் உண்டு! வாலை ஆட்டி நீந்தும்!

வேரிலிருந்து கசியும் சத்து தண்ணீரில் கலந்திருக்கும். மீன் குட்டி தீனியைத் தேடி வருவது போல, வித்து அந்தக் கசிவைத் தேடி வரும். வேரில் ஒட்டிக் கொள்ளும். வாலை உதறி விடும். வேருக்குள் துளைத்து இறங்கும்.

இவ்வளவுக்கும் அதற்குத் தேவை மண் இடுக்குகளில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் அதனால் நீந்த முடியாது. நீந்தாவிட்டால் பக்கத்துக் கொடிக்குப் போவது கடினம். மலைச்சரிவில் ஓடும் மழைத்தண்ணீரோ மேல் தோட்டத்துக் கிருமியைக் கீழ்த் தோட்டத்துக்குக் கொண்டு போய்ச் சேர்த்து விடும். மேல் தோட்டக்காரரும் கீழ்த் தோட்டக்காரரும் அண்ணன் தம்பியாக இருந்தாலும் சரி, பேச்சு வார்த்தை இல்லாதவர்களாக இருந்தாலும் சரி, நோயைப் பொறுத்தவரை இரண்டு பேருக்கும் ஒரே வடிகால்தான்.

இரண்டு வழி, இரண்டு சாவு

எமன் கொடிக்கு இரண்டு வழியில் வருவான்.

ஒன்று, மேலே சொன்ன வேகமான வழி. வெறும் தரையில் மழைத்துளி விழும்போது சேறு தெறிக்கிறது. அந்தச் சேற்றோடு கிருமியும் தெறித்து அடி இலையில் ஒட்டுகிறது. தரையில் படர்ந்து ஓடும் இளங்கொடியில் ஒட்டுகிறது. அங்கிருந்து தூருக்கு இறங்குகிறது. தூர் அழுகினால் கொடி தப்பாது.

இன்னொன்று, சல்லி வேர் வழி. இதுதான் ஆளை ஏமாற்றும். மிளகின் சல்லி வேர்களில் பெரும்பாலானவை இரண்டடி ஆழத்துக்குள், மேல் மண்ணிலேயே பரவி இருக்கும். மழைக்காலத்தில் அந்த வேர்கள் ஒவ்வொன்றாக அழுகும். ஆனால் மண்ணில் ஈரம் இருப்பதால், மீதி இருக்கும் நாலு வேரை வைத்துக் கொண்டு கொடி சமாளித்து விடும். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சில சமயம் புது வேர் விட்டுத் தேறிக் கொள்ளவும் செய்யும்.

மழை நின்று மண் காயும்போதுதான் குட்டு வெளிப்படும். ஐப்பசி, கார்த்திகையில் இலை மஞ்சளாகும். துவளும். உதிரும். "மழை நின்று விட்டது, அதனால் வாடுகிறது" என்று தோட்டக்காரர் நினைக்கிறார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார். வேரே இல்லாத கொடி எப்படித் தண்ணீரைக் குடிக்கும்? வியாதி வந்தது ஆடியில். வைத்தியம் நடப்பது கார்த்திகையில்!

வேரைத் துளைக்கும் நூற்புழுக்களும் இந்தக் கிருமியோடு கூட்டுச் சேர்வது உண்டு. அப்போது கொடி இரண்டு, மூன்று வருடம் இழுத்துக் கொண்டு கிடந்து சாகும்.

மிளகாய்க்கும் இவனே எமன்

போர்த்துக்கீசியர்கள் மிளகாயைக் கொண்டு வருவதற்கு முன்னால் தமிழ்நாட்டுச் சமையலில் காரம் என்றால் மிளகுதான். மிளகு போலக் காரமாக இருந்த புதுக் காய்க்கு "மிளகாய்" என்று பெயர் வந்தது. வெள்ளைக்காரனும் இரண்டையும் ஒரே பெயரில்தான் அழைத்தான். செடி நூல்படி இரண்டும் உறவே இல்லை. ஆனால் கிருமிக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. மிளகைக் கொல்லும் இனம், மிளகாயையும் கொல்கிறது. முதலில் அது பிடிபட்டதே மிளகாயில்தான். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்து மிளகாய் வயலில் கண்டு, 1922-இல் லியோனியன் என்பவர் அதை விவரித்தார்.

நியூ மெக்சிகோ வறண்ட பூமி. அங்கே மழையைக் குறை சொல்ல முடியாது. மனிதன் பாய்ச்சும் தண்ணீரில்தான் நோய் பரவியது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் விட்டு, அடிக்கடி பாய்ச்சிய வயல்களில் செடிகள் வரிசையாகச் செத்தன. ஆராய்ச்சிக்காரர்கள் பாசனத்தை மாற்றிப் பார்த்தார்கள். ஒரு வாய்க்கால் விட்டு ஒரு வாய்க்காலில் பாய்ச்சினார்கள். நாள் இடைவெளியைக் கூட்டினார்கள். நோய் குறைந்தது. மருந்தை மாற்றவில்லை, தண்ணீர் விடும் விதத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

அதே நாட்டில் வட கரோலினா மாநிலத்தில் குடமிளகாயில் இன்னொரு சோதனை நடந்தது. கோதுமையை வளர்த்து, அதன் தாளை நிலத்திலேயே விட்டு, உழாமல், அதன் நடுவே குடமிளகாயை நட்டார்கள். பக்கத்தில் வெறும் தரையிலும், கறுப்பு பிளாஸ்டிக் தாள் விரித்த பாத்தியிலும் நட்டார்கள். எங்கே நோய் குறைவு தெரியுமா? கோதுமைத் தாள் மூடிய நிலத்தில்! மழைத்துளியைத் தாள் தாங்கிக் கொண்டது. சேறு தெறிக்கவில்லை. கிருமி பறக்கவில்லை. இந்த முடிவு 1997-இல் வெளிவந்தது.

சருகு நண்பனா, விரோதியா?

இதைக் கேட்டதும் "அப்படியானால் கொடியைச் சுற்றிச் சருகைக் குவித்து விடலாமே" என்று தோன்றும். அவசரப்படக் கூடாது.

நிலத்தைச் சருகாலும் தழையாலும் போர்த்துவதை மூடாக்கு என்கிறார்கள். மூடாக்கினால் பல நன்மை உண்டு. கோடையில் மண் சுடாது. ஈரம் சீக்கிரம் ஆவியாகாது. மேல் மண்ணில் இருக்கும் சல்லி வேர் கருகாது. சருகு மக்கும்போது அதில் கோடிக்கணக்கான நல்ல நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றில் சில, எமனையே தின்று விடும். டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சாளம் அப்படிப்பட்டது. அதைத் தொழு உரத்திலும் வேப்பம் பிண்ணாக்கிலும் கலந்து வேர்ப்பகுதியில் போடச் சொல்வது இதற்காகத்தான்.

தீமை எங்கே வருகிறது? சருகு தூரைத் தொடும் இடத்தில்!

மழைக்காலத்தில் தூரை ஒட்டிச் சருகு குவிந்து கிடந்தால், அங்கே காற்றும் வெளிச்சமும் போகாது. தூர் இரவும் பகலும் நனைந்தே இருக்கும். ஈரத் துணியைக் காலில் சுற்றி வைத்தது போலத்தான். ஆகவே மழை தொடங்குவதற்கு முன் தூரைச் சுற்றி ஒரு சாண் அகலமாவது சுத்தமாக விட்டு விட வேண்டும். அதற்கு அப்பால் மூடாக்கு இருக்கட்டும்.

இன்னொரு தப்பும் நடக்கிறது. தோட்டம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மழைக்காலத்தில் மண்வெட்டியால் கொத்திப் புல்லை அடியோடு எடுத்து விடுகிறார்கள். பார்க்க அழகாக, முற்றம் பெருக்கியது போல இருக்கும். ஆனால் கொத்தும்போது சல்லி வேர் அறுபடுகிறது. அறுந்த இடம் கிருமிக்குத் திறந்த வாசல். வெறும் மண்ணில் மழை விழுந்து சேறும் தெறிக்கிறது. புல்லை வேரோடு எடுக்காமல் அரிவாளால் அறுத்து, அங்கேயே விட்டு விடுவதுதான் நல்லது. மிளகுத் தோட்டத்தில் மட்டும், கொஞ்சம் சோம்பேறியாக இருப்பவருக்கு லாபம்!

வாடிச் செத்த கொடியை மட்டும் மூடாக்காகப் போடவே கூடாது. குப்பைக் குழியிலும் போடக் கூடாது. வேரோடு பிடுங்கி எரித்து விட வேண்டும். இதைச் சிலர் மனசு கேட்காமல் தள்ளிப் போடுகிறார்கள். பத்து வருடம் வளர்த்த கொடி, துளிர்த்தாலும் துளிர்க்கும் என்று விட்டு வைக்கிறார்கள். அதற்குள் பக்கத்துக் கொடியும் போய் விடுகிறது.

கோடையில் 100 லிட்டர்

"ஐயா, மழையில் தண்ணீர் ஆகாது என்கிறீர்கள். அப்படியானால் கோடையிலும் தண்ணீரை நிறுத்தி விடலாமா?" என்று தோட்டக்காரர்கள் கேட்பது உண்டு.

கூடவே கூடாது! கோடையில் காய்ந்து வேர் கருகிய கொடி, மழை வந்ததும் முதலில் நோயில் விழும்.

கண்ணூர் ஜில்லா தளிப்பறம்பு அருகில் பன்னியூர் என்ற ஊரில் மிளகு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மலபார் சென்னை மாநிலத்தோடு இருந்த காலத்தில், 1952-இல் தொடங்கிய நிலையம். முதல் கலப்பின மிளகான பன்னியூர்-1 பிறந்தது இங்கேதான். கோடைப் பாசனத்தையும் இங்கே சோதித்திருக்கிறார்கள். கொடியைச் சுற்றி முக்கால் மீட்டர், அதாவது இரண்டரை அடி தள்ளி வட்டப்பாத்தி எடுக்க வேண்டும். மழை நின்ற பின் நவம்பர், டிசம்பரில் தொடங்கி மார்ச்சு முடிய, 8 முதல் 10 நாளுக்கு ஒரு தடவை, கொடிக்கு 100 லிட்டர் தண்ணீர் விட வேண்டும். பாத்தியில் சருகு பரப்ப வேண்டும். இப்படிச் செய்ததில் மகசூல் சுமார் ஒன்றரை மடங்கு ஆயிற்று.

மார்ச்சோடு ஏன் நிறுத்த வேண்டும்? மழை வரும் வரை கொடி கொஞ்சம் காய்ந்தால்தான், முதல் மழையில் ஒரே சீராகத் துளிர்த்துச் சரம் விடும்.

இங்கே ஒரு முக்கியமான சங்கதி. கோடையில் தண்ணீர் நிற்க எடுத்த அந்தப் பாத்தியை வைகாசியில் மூடி விட வேண்டும். மூட மறந்தால் அதே பாத்தி ஆனியில் குட்டையாகி விடும். கொடிக்கு அமுதம் ஊற்றிய கிண்ணத்தில் எமன் நீச்சல் அடிப்பான். மண்ணைத் தூர்ப் பக்கம் லேசாக உயர்த்தி, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு வைக்க வேண்டும். தோட்டத்துக்குள் வடிகாலை ஆழமாக வெட்ட வேண்டும். படர்மரத்தின் கிளைகளைக் கழித்து வெயில் உள்ளே விழச் செய்ய வேண்டும். தரையில் ஓடும் இளங்கொடிகளைச் சுருட்டி மரத்தோடு கட்ட வேண்டும், அல்லது வெட்டி விட வேண்டும்.

கத்தியால் ஒரு பரீட்சை

மருந்து இல்லையா என்றால், உண்டு. பழைய மருந்து போர்டோக் கலவை. பிரான்சு நாட்டில் போர்டோ வட்டாரத்தில் சாலையோரத் திராட்சையைத் திருடாமல் இருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசினார்கள். பூசிய கொடியில் நோய் வரவில்லை! மில்லார்டே என்ற பேராசிரியர் அதைக் கவனித்து 1885-இல் மருந்தாக்கினார். திருடனுக்குப் போட்ட பூச்சு, கிருமிக்கு விஷமாயிற்று.

மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்ற வேண்டும். தகரம், இரும்புப் பாத்திரம் ஆகாது. கலந்த பின் பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் முக்கிப் பார்க்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது. இன்னும் சேர்க்க வேண்டும். மழை தொடங்கும் முன் ஒரு தடவையும், ஆவணி வாக்கில் ஒரு தடவையும் தெளிக்கிறார்கள். தூரிலும் ஊற்றுகிறார்கள்.

ஆனால் இது வருமுன் காக்கும் மருந்து. தூர் அழுகிய பிறகு எத்தனை வாளி ஊற்றினாலும் வீண். தண்ணீர் தேங்கும் தோட்டத்தில் மருந்துச் செலவு மருந்துக் கடைக்காரருக்குத்தான் வரவு.

கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் "சக்தி", "தேவம்" என்று இந்த நோயை ஓரளவு தாங்கும் ரகங்களைக் கொடுத்திருக்கிறது. தாங்கும் என்றுதான் சொல்கிறார்கள். வராது என்று சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் மிளகு விளையும் இடங்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வயநாடு போலவே ஆனி, ஆடி மழைதான் பெரிது. கொல்லிமலை, ஏற்காடு, தாண்டிக்குடி போன்ற இடங்களில் ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்து கொள்கிறது. ஆகவே கேரளத்துக்காரர் அக்டோபரில் மூச்சு விடும்போது, கொல்லிமலைக்காரர் மறுபடியும் வடிகாலைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வைகாசியில் சரி செய்த சரிவை மழை கரைத்திருக்கும். படர்மரமான சில்வர் ஓக்கின் இலைகள் உதிர்ந்து தூரில் சேர்ந்திருக்கும். அவற்றைக் கையால் விலக்கி விட்டால் போதும். செலவு ஒன்றும் இல்லை.

மழை முடிந்து, கோடைத் தண்ணீர் விடத் தொடங்கும் முன், வாடிய கொடியின் வேரை ஒரு தடவை பார்த்து விடுவது நல்லது. தூரிலிருந்து ஓர் அடி தள்ளி, கருவி எதுவும் இல்லாமல் விரலால் மண்ணை விலக்க வேண்டும். சல்லி வேர் தெரியும். அதை இரண்டு விரலால் பிடித்து மெல்ல உருவ வேண்டும். வேர் வெளுத்து, உறுதியாக இருந்தால் அது தாகம், தண்ணீர் ஊற்றலாம். கறுத்த தோல் உறை போலக் கழன்று, நடுவில் நரம்பு மட்டும் கையில் வந்தால், அந்தக் கொடிக்கு வேண்டியது தண்ணீர் அல்ல.